பதிவேட்டில் வாழும் பெயர்கள்

உங்கள் பாட்டனாருடைய பாட்டனாரின் பெயர் என்ன என்று கேட்டால், உடனே விடை கூறக் கூடியவர் நம்முள் எத்தனை பேர்? நான்கு தலைமுறைக்குள் நினைவு மங்கிவிடுகிறது. அவ்வாறிருக்க, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியிலிருந்து கடல் கடந்து சென்ற எளிய உழவர் குடும்பங்களின் வேர்களை, அவர்தம் அமெரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் தேடிக் கண்டடைகின்றனர். அத்தேடலில் அவர்களுக்குக் கைகொடுப்பவை அரசர்களின் சாசனங்கள் அல்ல. பெரும்பாலும் கோவில் அலமாரிகளில் கிடந்த பழைய திருமுழுக்குப் பதிவேடுகளே.

ரைன் நதிக்கரையிலிருந்து

ஜெர்மனியின் தென்மேற்கில், ரைன் நதியை அடுத்துள்ளது பாலட்டினேட் நாடு. 1689-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் அங்குள்ள ஸ்பையர், வோர்ம்ஸ் முதலிய நகரங்களைத் தீக்கிரையாக்கின. 1709-ஆம் ஆண்டின் கொடுங்குளிர் திராட்சைக் கொடிகளையும் கருக்கியது. போருக்கும் பசிக்கும் வரிச்சுமைக்கும் ஆற்றாத மக்கள், ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாகிய பென்சில்வேனியாவை நாடினர். 1683-இலேயே கிரேஃபெல்டு நகரிலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் சென்று, பிலடெல்பியாவுக்கு அருகில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரை அமைத்திருந்தன. அவர்களைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர்.

படகேறி ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்தைத் தொட்டு, அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டும். 1750-இல் அவ்வாறு பயணம் செய்த மிட்டல்பெர்கர் என்பவர், நோயும் பசியும் கப்பலில் விளைத்த சாவுகளைத் தம் நூலில் உருக்கமாக விவரித்துள்ளார். பயணக் கட்டணம் செலுத்த இயலாதோர், கரையிறங்கியதும் அக்கடன் தீரச் சில ஆண்டுகள் பிறர் வீட்டில் ஊழியம் செய்தனர். சிறு பிள்ளைகளோ இருபத்தொரு வயது வரை உழைக்க வேண்டியிருந்தது. பெற்றோர் ஓரிடம், பிள்ளை வேறிடம் எனக் குடும்பங்கள் சிதறியதும் உண்டு.

எழுத்தர் காதில் விழுந்த பெயர்

1727 முதல், பிலடெல்பியாவில் வந்திறங்கும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆண்கள் யாவரும் அரசருக்குப் பற்றுறுதி அளித்துக் கையொப்பமிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன; 1934-இல் அவை மூன்று தொகுதிகளாக அச்சேறின. ஆயினும் அவற்றில் பெண்களின் பெயரும் சிறுவரின் பெயரும் அரிது. எழுதத் தெரியாதவர் ஓர் அடையாளம் மட்டும் இட, ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு பெயரை எழுதிவைத்தார்.

ஆகவே முல்லர் மில்லரானார். ஷ்மிட் ஸ்மித் ஆனார். தச்சன் எனப் பொருள்படும் ட்ஸிம்மர்மன், ஆங்கிலத்தில் கார்ப்பென்டர் ஆனார். 1929 முதல் 1933 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர், 1738-இல் எல்லர்ஷ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து வந்த ஆந்திரேயாஸ் ஹூபர். மற்றொரு தலைவரான ஐசனோவரின் முன்னோர், 1741-இல் பிலடெல்பியா வந்த ஐசன்ஹவர். பெயரின் ஓசை மாறினால் தேடுபவர் வழி தவறுவது எளிதன்றோ?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மானியர் ஆண் மக்களுக்கு யோவான் என்ற பொருளில் 'யோஹான்' என்பதை முன்னிட்டு, இரண்டாம் பெயராலேயே அழைப்பது வழக்கம். ஒரே வீட்டில் யோஹான் பேதுரு, யோஹான் யாக்கோபு, யோஹான் ஜார்ஜ் என மூன்று சகோதரர் இருப்பர். முதற்பெயரை மட்டும் நம்பினால் அண்ணனையும் தம்பியையும் ஒருவராகக் கருத நேரும்.

கத்தோலிக்கரின் தடம்

கத்தோலிக்கக் குடும்பங்களின் நிலை மேலும் கடினம். 1740-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, ஏழாண்டுகள் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த அயல்நாட்டினர் குடியுரிமை பெறலாம். ஆயின் புராட்டஸ்டண்டு ஆலயத்தில் நற்கருணை பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் அதிலிருந்து விலக்கு இருந்தது, கத்தோலிக்கருக்கு இல்லை. எனவே குடியுரிமைப் பட்டியல்களில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

அவர்களுக்காக 1741-இல் கடல் கடந்து வந்தவர் இயேசு சபைக் குரு தியோடர் ஷ்னைடர். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அப்பேரறிஞர், கோஷன்ஹாப்பன் என்ற சிற்றூரில் குடிகொண்டார். மருத்துவமும் அறிந்தவராதலால் நோயுற்றோருக்கு மருந்தும் அளித்தார். திருப்பலி நூல் கிடைக்காமையால் தம் கையாலேயே அதைப் பிரதி செய்துகொண்டார். நெடுந்தொலைவு பயணம் செய்து, வீடுகளிலேயே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களைக் குறித்துவைத்தார். தாமும் ஜெர்மானியர் ஆதலால் அப்பெயர்களை உள்ளபடி உணர்ந்து எழுத அவரால் முடிந்தது. 1764-இல் இறக்கும்வரை இப்பணி தொடர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஃபெர்டினன்ட் ஃபார்மர் அடிகளும் பிலடெல்பியாவிலிருந்து இத்தகைய பதிவேடுகளைப் பேணினார். அவருடைய சொந்தப் பெயரே ஷ்டைன்மையர் என்பதுதான் விந்தை!

பின்னோக்கி நடத்தல்

தேடுவோர் தம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கியே நடக்க வேண்டும். ஹூவர் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், ஐயோவா, ஒஹாயோ, வடகரோலினா, மேரிலாந்து, பென்சில்வேனியா என ஒவ்வோர் ஊராகப் பின்சென்றே ரைன் நதிக்கரை ஊரை அடைய முடியும். அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கு 1790-இல்தான் எடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் நிலப் பத்திரங்கள், உயில்கள், ஆலயப் பதிவேடுகள் ஆகியனவே துணை. நாள்களிலும் கவனம் தேவை. 1752-இல்தான் ஆங்கிலேயர் பதினொரு நாள்களை நீக்கிப் புதிய நாட்காட்டியை ஏற்றனர். அதற்கு முன் பிலடெல்பியாவின் தேதி, ஜெர்மனியின் தேதிக்குப் பதினொரு நாள் பின்தங்கியிருந்தது.

எல்லாவற்றிலும் மேலாக உதவுபவர் ஞானப்பெற்றோர். பழைய ஊரில் அண்டை வீட்டாராக இருந்தவரே புதிய நாட்டிலும் குழந்தையைத் தாங்கி நின்றிருப்பர். குடும்பத்தின் பெயர் சிதைந்துவிட்டாலும், ஞானத்தந்தையின் பெயரைப் பின்பற்றிச் சென்று சொந்த ஊரைக் கண்டவர் பலர். ஜெர்மனியின் சிற்றூர்ப் பதிவேடுகளில் முப்பதாண்டுப் போரில், அதாவது 1618 முதல் 1648 வரை, அழிந்தவை பல. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை இன்று படச்சுருளிலும் கணினியிலும் காணலாம்.

ஏன் இவை இருக்கின்றன? 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணங்களையும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குக்குரு ஏட்டில் எழுதிவைக்கப் பணித்தது. நம் பங்குகளில் உள்ள ஏடுகளும் அந்த மரபில் வந்தவையே. கோஷன்ஹாப்பனின் ஏழை உழவன் தன் பெயரை எழுதவும் அறியாதிருக்கலாம். ஆயின் அவன் குழந்தையின் பெயரை ஒரு குரு கருத்தோடு எழுதினார். அந்த ஒரு வரியே இன்று ஒரு குடும்பத்திற்கு அதன் வேரைத் திருப்பிக் கொடுத்துள்ளது.

ஆகவே, அடுத்த முறை திருமுழுக்கு நாளில் பங்குத்தந்தை ஞானப்பெற்றோரின் முழுப்பெயரையும் ஊரையும் கேட்கும்போது, அவசரப்படாமல் திருத்தமாகக் கூறுங்கள். அதை வாசிக்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை.