வகையீட்டுக்கு வாத்தியார் தேடுமுன்

பினாங்கு அரங்கில் ஒரு தாயார் கேட்டார்: “மாதந்தோறும் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டுகிறேன். மகளுக்கு வகையீடு ஏறவில்லையே?”

எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் வகையீடும் தொகையீடும் ஐந்தாம் படிவப் பாடங்கள். எஸ்.டி.பி.எம். கணிதம் ‘டி’ என்றால் இரண்டாம் தவணையே நுண்கணிதந்தான். எதற்கு ஆசிரியர் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணிதம் பயிலும் மாணவர்களிடமும் விசாரிக்கலாம். ஆனால், படித்தவர் எல்லாரும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அல்லர். எக்ஸ் வர்க்கத்தை வகையிட்டால் இரண்டு எக்ஸ் ஏன் வருகிறது என்று பிள்ளை கேட்கட்டும். வளைகோடு வரைந்து சரிவைக் காட்டுகிறாரா, சூத்திரத்தை மட்டும் ஒப்பிக்கிறாரா என்று கவனியுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து அந்த மகளிடம் பேசினேன். எக்ஸ் கீழே நிற்கும் பின்னத்தை எதிர்மறை அடுக்காக மாற்றவே அவளுக்குத் தெரியவில்லை. அது மூன்றாம் படிவப் பாடம். அதை யாருமே கேட்டுப் பார்க்கவில்லையாம்.