இரவில் நகர்பவை – 7: இடது சிவப்பு, வலது பச்சை

சென்ற வாரம் கலங்கரை விளக்கங்களைப் பார்த்தோம். அவை நின்ற இடத்திலேயே நிற்பதால்தான் மாலுமிக்குப் பயன். இந்த வாரம் நகர்ந்துகொண்டே இருக்கும் விளக்குகள். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, கொடிமரத்தில் வெள்ளை. இவற்றில் ஒன்றுகூட வழி பார்ப்பதற்காக ஏற்றப்படுவதில்லை. நடுக்கடலில் கப்பல்கள் முன்னால் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டு போவதில்லை. மேலே காவல் நிற்கும் அதிகாரி தன் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு, மற்றவர்களின் விளக்கைத் தேடிக்கொண்டிருப்பார்.

பாய்மரக் காலத்தில் எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான விளக்குச் சட்டம் என்று எதுவும் இல்லை. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்; காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் வர முடியாது. அதனால் எதிரே வருபவர் எப்படிப் போவார் என்பதை ஓரளவு ஊகிக்க முடிந்தது. நீராவிக் கப்பல் வந்ததும் அந்த ஊகம் பொய்த்தது. காற்றைப் பொருட்படுத்தாமல் எந்தத் திசையிலிருந்தும் அது வந்தது. நீராவிக் கப்பல்கள் இரவில் விளக்கேற்ற வேண்டும் என்று 1838-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 1848-இல் பிரிட்டன் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் அவற்றுக்குக் கட்டாயமாக்கியது. பாய்மரங்களுக்கு வண்ண விளக்கு வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. இன்று நடப்பில் இருப்பவை 1972-இல் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் அமலுக்கு வந்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள்.

நிறத்தைவிட நுட்பமானது கோணம். பழைய மாலுமிகள் திசைகாட்டி வட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூறு 11.25 டிகிரி. பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிருந்து பத்துக் கூறு வரை, அதாவது 112.5 டிகிரி வரை மட்டுமே தெரியும். பின் விளக்குக்குப் பன்னிரண்டு கூறு, 135 டிகிரி. மூன்றையும் கூட்டினால் சரியாக 360. சிவப்பு மறைகிற கோட்டில் பின் வெள்ளை தொடங்கிவிடும். பக்க விளக்கின் உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு பூசிய தடுப்பு ஒன்று இருக்கும். கண்பட்டை கட்டிய வண்டிக் குதிரை மாதிரி, அது தன் பக்கத்தை மட்டுமே பார்க்கும்.

இந்த ஏற்பாட்டால் இருட்டில் ஒரு புள்ளியைப் பார்த்தே அந்தக் கப்பல் எப்படித் திரும்பி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். அது உங்களுக்கு இடது கைப்பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் என்றால் வலது கைப்பக்கமாக. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக உங்களை நோக்கி வருகிறது. பெரிய கப்பல்களில் கொடிமர வெள்ளை விளக்கு இரண்டு உண்டு. முன்னது தாழ்வு, பின்னது உயரம். அவை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, உங்களைப் பார்த்திருக்கிறது. வண்ண விளக்கு 3 கடல் மைலுக்குத் தெரிந்தால் போதும். கொடிமர விளக்கு 6 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும் என்பதால், தேர்ந்த மாலுமி முதலில் படிப்பது வெள்ளையைத்தான். நங்கூரமிட்டு நிற்கும்போது இந்த உயரம் தலைகீழாகிவிடும்: முன் வெள்ளை மேலே, பின் வெள்ளை கீழே. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களை மெரினாவிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது குறுக்கே கடக்கும்போதைய விதி. இயந்திரக் கப்பல்கள் இரண்டு ஒன்றன் பாதையை ஒன்று குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பதுதான் விலக வேண்டும். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருவது எந்தப் பக்கத்தைக் காட்டும்? இடப்பக்கத்தை, அதாவது சிவப்பை. அதே நொடியில் அது நம்மிடம் காண்பது பச்சை. விலக வேண்டியவருக்குச் சிவப்பும், வழி மாறாமல் போக வேண்டியவருக்குப் பச்சையும் தாமாகவே தெரிகின்றன. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ஆனால் விளக்கு சொல்வது இந்த நொடி அணியம் எங்கே நோக்கியிருக்கிறது என்பதை மட்டும்தான். அடுத்த நிமிடம் சுக்கான் எப்படித் திரும்பும் என்பது அதில் இல்லை.

1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே. இத்தாலியப் பயணிகள் கப்பலான ஆந்த்ரேயா டோரியா நியூயார்க்கை நோக்கி மூடுபனிக்குள் சுமார் 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) வேகத்தில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. சுவீடனின் ஸ்டாக்ஹோம், நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு சுமார் 18 நாட் வேகத்தில் கிழக்கே வந்தது; அது இருந்த பக்கம் பனி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ராடாரில் பார்த்துவிட்டன. எதிர்க்கப்பல் தன் வலப்பக்கமாகக் கடக்கும் என்று கணித்தார் டோரியாவின் கேப்டன் பியேரோ கலாமாய். இடைவெளியைக் கூட்ட 4 டிகிரி இடப்பக்கம் திருப்பச் சொன்னார். ஸ்டாக்ஹோமில் பொறுப்பில் இருந்த மூன்றாம் அதிகாரி கார்ஸ்டன்ஸ் யோஹான்சனின் கணிப்பு நேர் எதிர்: அது தன் இடப்பக்கமாகக் கடக்கும்.

விளக்குகள் கண்ணில் பட்டபோது நடுவே இரண்டு கடல் மைல்கூட இல்லை. இருவர் வேகத்தையும் கூட்டினால் அது மூன்று நிமிடத் தூரம். தான் கண்டது மங்கலான சிவப்பு என்று கார்ஸ்டன்ஸ் விசாரணையில் சொன்னார். சிவப்பு என்றால் இடப்பக்கம். ஆகவே இன்னும் விலக வலப்பக்கம் திருப்பினார். எதிர்க்கப்பல் தன் பக்கம் திரும்புவதைப் பனிக்குள்ளிருந்து கண்ட கலாமாய், சுக்கானை முழுதாக இடப்பக்கம் திருப்ப ஆணையிட்டார். ஸ்டாக்ஹோமுக்குச் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பனிக்கட்டியை எதிர்கொள்ள வலுவாகக் கட்டப்பட்டிருந்த அதன் அணியம், டோரியாவின் வலப்பக்க விலாவைப் பிளந்து நுழைந்தது. 51 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை டோரியா மூழ்கியது. அதற்குள் ஸ்டாக்ஹோமும் உதவிக்கு விரைந்து வந்த கப்பல்களும் சேர்ந்து 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியிருந்தன.

அன்று விளக்குகள் ஒவ்வொரு நொடியும் உண்மையைத்தான் சொல்லின. 4 டிகிரித் திருப்பத்தை எதிர்க்கப்பலில் இருப்பவர் எப்படிக் கண்டுகொள்வார்? அதனால்தான், திருப்பினால் எதிரே இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும் அளவுக்குத் திருப்பு, சின்னச் சின்னதாகத் திருப்பாதே என்று விதி வற்புறுத்துகிறது.

விமானங்கள் இந்த ஏற்பாட்டைக் கடலிலிருந்தே எடுத்துக்கொண்டன. 1919 பாரிஸ் உடன்படிக்கையிலேயே இடச் சிறகில் சிவப்பு, வலச் சிறகில் பச்சை, வாலில் வெள்ளை. கோணம் மட்டும் கப்பலிலிருந்து சற்று வேறு: 110, 110, 140. வானத்திலும் வலப்பக்கத்திலிருந்து குறுக்கிடுபவருக்கே முன்னுரிமை. ஆனால் மணிக்கு 800 கிலோமீட்டரில் எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்கள் ஒரு நிமிடத்தில் 26 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். நிறம் பார்த்துத் திசை படிக்க நேரமில்லை. அதற்காகத்தான் கண்ணைப் பறிக்கும் மின்னல் விளக்குகளும், எச்சரிக்கைக் கருவிகளும். விமானத்தின் வயிற்றில் மின்னும் சிவப்பு விளக்கு தரையில் வேலை செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான். எஞ்சின் ஓடப் போகிறது, கிட்டே வராதே என்று பொருள்.

இனி நம் கடலுக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் அதிகாலையில் கப்பல் மோதி மூழ்கிய படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டம் ராமன்துறையைச் சேர்ந்தவர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே சரக்குக் கப்பல் மோதிய படகிலும் தமிழக மீனவர்கள் இருந்தார்கள். இச்செய்திகள் சில நாள் பேசப்பட்டு மறைந்துவிடுகின்றன என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகு எல்லாத் திசையிலும் தெரியும்படி மேலே சிவப்பு, கீழே வெள்ளை என இரண்டு விளக்குகளைக் காட்ட வேண்டும். இழுவலை போட்டிருந்தால் மேலே பச்சை. வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை. இந்த விளக்குகளைக் கண்டால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக் கப்பல், எவ்வளவு பெரியதானாலும், விலகிப் போக வேண்டும் என்பது விதி. நடப்பில், வலை இழுக்கவும் மீன் பிரிக்கவும் தளத்தில் போடும் வெள்ளை வெளிச்சம் அந்தச் சிவப்பை மூழ்கடித்துவிடுகிறது. மீனைக் கவரப் போடும் எல்.இ.டி. விளக்கு இன்னும் மோசம். மீன்வளம் அழிகிறது என்பதற்காக 2017-இல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கப்பலில் இருப்பவர் கண்ணை அது கூசவைக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தூரத்தில் வெறும் வெள்ளையாகத் தெரியும் ஒன்று, விலகிப் போகும் கப்பலின் பின் விளக்காக இருக்கலாம், நங்கூரமிட்ட கப்பலாக இருக்கலாம், வலை விட்டுவிட்டுக் கண்ணயர்ந்த பத்துப் பேரின் படகாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படும், வண்ணம் பூசப்படும், மீன்வளத் துறையினர் ஆய்வுக்கு வருவார்கள். அந்த ஆய்வின்போது விளக்குப் பெட்டி இருக்கிறதா என்று பகலில் பார்த்தால் போதாது. இரவில், தள வெளிச்சம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இரண்டு கடல் மைல் தள்ளி நின்று, மேலே இருப்பது சிவப்பா பச்சையா என்று சொல்ல முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் படகுக்குச் சான்று கொடுக்கக் கூடாது.

(தொடரும்)