பேயிடம் சாட்சி கேட்ட பெண்

கோதிக் கதை என்றால் ஒரு பழைய மாளிகை இருக்கும். அதில் திறக்கக் கூடாத ஓர் அறை இருக்கும். அதன் வாசலில் விளக்கோடு ஒரு பெண் நடுங்கிக்கொண்டு நிற்பாள். 1764இல் ஹோரஸ் வால்போல் ஆரம்பித்து வைத்தார். 1794இல் ஆன் ராட்கிளிஃப் ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ நாவலில் அந்தப் பெண்ணைத் திரைச்சீலையை விலக்கிப் பார்க்கும் அளவுக்குத் துணிய வைத்தார். ஆனால் பேயைப் பற்றி விசாரிக்கும் வேலை வந்தபோது எழுத்தாளர்கள் அதை ஆண்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஷெரிடன் லெ ஃபானு 1869இல் ஹெஸ்ஸீலியஸ் என்ற மருத்துவரைப் படைத்தார், ஹோப் ஹாட்ஜ்சன் கார்னாக்கி என்ற பேய்த் துப்பறிவாளரைப் படைத்தார். 1920இல் எல்லா ஸ்க்ரிம்சர் என்ற எழுத்தாளர் ஷீலா க்ரேரார் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைப் பேய்த் துப்பறிவாளராக ஆக்கினார். இன்று விக்டோரியா காலத்து லண்டன் மூடுபனியில் கறுப்பு கவுன் அணிந்து ஆவிகளைத் துரத்தும் நாயகிகளுக்குக் கணக்கே இல்லை.

அந்த நாவல்களை நான் ஆசையோடு படிக்கிறேன். பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அதனாலோ என்னவோ, எனக்கு ஒரு குறை உண்டு. நாயகிக்கு வம்சாவழியாக ஒரு சக்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். செத்தவரின் மோதிரத்தைத் தொட்டால் கொலைகாரன் முகம் தெரிந்துவிடும். அது குறி சொல்வது, துப்பறிவது இல்லை. துப்பறிபவள் கேள்வி கேட்க வேண்டும். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்ட பெண் உண்மையிலேயே இருந்தார். எலினர் சிட்ஜ்விக். 1845இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான ஆர்தர் பால்ஃபர் அவருடைய தம்பி. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ராலே பிரபு தங்கை கணவர். மின்தடையின் அலகான ஓம் அளவைத் துல்லியமாக நிர்ணயிக்கும் வேலையில் ராலேயோடு கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் சேர்ந்து உழைத்தார். 1892இல் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியின் முதல்வரானார். அந்தப் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் தந்தது 1948இல்தான்.

இப்படிப்பட்டவர் பேய் விஷயத்துக்கு எப்படி வந்தார்? 1848இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் ‘ஆவிகள் தட்டிப் பேசுகின்றன’ என்று கிளப்பிய பரபரப்பு அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்கும் வந்துவிட்டது. இருட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செத்தவர்களோடு பேசுவது பெரிய மனிதர் வீடுகளில் வழக்கமாயிற்று. இதை நம்புவதும் கேலி செய்வதுமாக ஊர் இரண்டுபட்டிருந்தபோது, சோதித்துப் பார்க்கலாம் என்று 1882இல் லண்டனில் அதீத உளவியல் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. எலினரின் கணவர் ஹென்றி சிட்ஜ்விக்தான் முதல் தலைவர். எலினரும் 1908இல் அதன் தலைவரானார்.

மூடிய சிலேட்டுக்குள் ஆவியை எழுத வைப்பதாகச் சொன்ன வில்லியம் எக்லிண்டன் அந்நாளில் பெரும் புகழ் பெற்ற மீடியம். இது கைவித்தைதான் என்று 1886இல் எலினர் எழுதினார். ஆவியுலக நம்பிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு கழகத்தை விட்டே வெளியேறினார்கள். டேவி என்ற கழக உறுப்பினர் வித்தை கற்றுக்கொண்டு அதே சிலேட்டுக் காட்சியைத் தானே நடத்தினார். பார்த்தவர்களை எழுதித் தரச் சொன்னபோது, தந்திரம் நடந்த அந்தக் கணங்களையே விட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனிதக் கண் அப்படித்தான் பார்க்கிறது.

எங்கள் கல்லூரி விடுதியிலும் ஒரு பேய் உண்டு. மாடிப்படியில் சலங்கைச் சத்தம். மாணவிகளிடம் நான் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: உங்களில் யார் காதால் கேட்டீர்கள்? போன வருஷத்து அக்கா கேட்டாள், அவளுக்கு அறைத்தோழி சொன்னாள் என்று அது பின்னால் போய்க்கொண்டே இருக்கும். எலினரின் முதல் நிபந்தனையும் இதுதான். அனுபவித்தவரே சொல்ல வேண்டும்.

அவர் பங்கெடுத்த மாபெரும் வேலை 1894இல் வெளிவந்த கணக்கெடுப்பு. நல்ல விழிப்பில் இருக்கும்போது, அங்கே இல்லாத ஒருவரைக் கண்டதுண்டா, குரல் கேட்டதுண்டா என்று 17,000 பேரிடம் கேட்டார்கள். பத்தில் ஒருவர் உண்டு என்றார். அடுத்த கேள்விதான் சுவையானது: உருவம் தெரிந்த அதே நேரத்தில் அந்த ஆள் இறந்திருந்தால், அது தற்செயலா?

இதை நான் வகுப்பில் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 19 பேர் இறந்தார்கள். அதை 365ஆல் வகுத்தால், ஒருவர் குறிப்பிட்ட ஒரு நாளில் இறக்க வாய்ப்பு ஏறத்தாழ 19,000இல் ஒன்று. ஆனால் கணக்கெடுப்புக் குழு கண்டதோ, அப்படிப்பட்ட காட்சிகளில் 43இல் ஒன்று சாவோடு சேர்ந்திருந்தது. அதிலும், சாவோடு சேராத காட்சிகளை மக்கள் மறந்துவிடுவார்கள் என்பதால், மறந்தவற்றுக்கும் ஈடு வைத்து, தங்களுக்குப் பாதகமாகவே கணக்கைத் திருத்திய பிறகு வந்த விகிதம் அது. இந்த நேர்மையைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆனாலும் இது தற்செயல் அல்ல என்ற அவர்கள் முடிவை நான் ஏற்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அன்றே எழுதிவைத்த ஆதாரம் பெரும்பாலான சம்பவங்களில் இல்லை. மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகும் என்று எலினர் நம்பினார். நான் நம்பவில்லை. அவருடைய முறையை மட்டும் தலைமேல் வைத்துக்கொள்கிறேன்.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான சபை 1882 இறுதியில் அடையாற்றுக்கு வந்தது. அங்கே ஒரு பேழை. அதில் கண்காணா மகாத்மாக்களின் கடிதங்கள் தோன்றும் என்றார்கள். 1884இல், வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த எம்மா கூலோம், எல்லாம் ஏற்பாடு என்று சொல்லி, பிளாவட்ஸ்கி எழுதியவை எனச் சில கடிதங்களை மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழுக்குக் கொடுத்தார். கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரைக் கப்பலேற்றியது. அவர் வந்தபோது பேழை ஏற்கெனவே எரிக்கப்பட்டிருந்தது! பேழை தொங்கிய சுவருக்கு மறுபுறம் பிளாவட்ஸ்கியின் படுக்கையறை. சாட்சிகளையும் கையெழுத்துகளையும் வைத்து, மோசடி என்று ஹாட்ஜ்சன் எழுதினார். அறிக்கை 1885இல் வெளிவந்தது. அதைப் பரிசீலித்த குழுவில் எலினரும் இருந்தார். ஆனால் 1986இல், போலிக் கையெழுத்து நிபுணரான வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று அதே கழகத்தின் இதழிலேயே எழுதினார்.

எரிந்த பேழை, சுவருக்குப் பின்னால் படுக்கையறை, எசமானியைக் காட்டிக்கொடுத்த பணிப்பெண், நூறாண்டு கழித்தும் முடியாத வழக்கு. ஒரு கோதிக் மர்ம நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எலினர் மதராஸுக்கு வரவில்லை. கற்பனையில் அவரைப் போன்ற ஒருத்தியை இங்கே இறக்கலாம். தமிழில் எழுதும் இளம் பெண்களே, யாராவது இதைக் கையில் எடுங்கள். உங்கள் நாயகிக்கு மந்திர மோதிரம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள், போதும்.