மதுரையில் வெயில்! குமரியில் குளுகுளு காற்று!
குடும்பத்தோடு போய் வருவது எப்படி?

மதுரையில் வெயில் என்றால் வெயில்தான்! அக்கினி நட்சத்திரத்தில் வைகை மணல் காலைச் சுடும். ஆடி பிறந்தாலும் வெக்கை முழுவதும் தணிவதில்லை.

வசதி உள்ளவர்கள் கொடைக்கானல் போவார்கள். மலையில் மட்டும்தானா குளிர்ச்சி? கடலோரத்திலும் உண்டு!

மதுரையில் இருந்து சுமார் 245 கிலோ மீட்டர் தூரத்தில் கன்னியாகுமரி இருக்கிறது. ரெயிலும் உண்டு, பஸ்சும் உண்டு.

எப்போது போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். வானத்தில் மேகம் ஓடும். அவ்வப்போது சாரல் விழும். வெயில் தெரியாது.

ரெயில் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது, மலைக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வரும். முப்பந்தல் பக்கம் ஏராளமான காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கலாம். பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் எண்ணி முடிக்க மாட்டார்கள்!

சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். தங்கும் இடத்தை முன்பே பதிவு செய்துவிட வேண்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. விவேகானந்தபுரத்திலும் தங்கலாம்.

முதல் நாள்

விடியற்காலையில் சூரிய உதயம். பருவமழைக் காலத்தில் மேகம் மறைத்தாலும் மறைக்கும். அதற்காக முகம் வாட வேண்டாம். குமரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்குப் போகலாம்.

விவேகானந்தர் மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் வந்தது. காலுக்குக் கீழே கடல் கொந்தளிப்பது தெரியும்!

அலை பெரிதாக இருந்தால் படகு ஓடாது. அப்படியானால் காந்தி மண்டபத்தைப் பார்க்கலாம். கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டைக்கும் போகலாம்.

இரண்டாம் நாள்

மேற்கே முட்டம். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கரடுமுரடான பெரும் பாறைகள். அவற்றில் அலை மோதிப் பனைமர உயரத்துக்குச் சிதறும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1981-ல் வந்த "அலைகள் ஓய்வதில்லை" படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் புதிது அல்ல.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடலாம். குளித்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், குலசேகரம் அருகே உள்ள திற்பரப்பு அருவிக்கு அழைத்துப் போகலாம். வெள்ளம் வந்தால் அங்கேயும் தடை போடுவார்கள். கேட்டுக்கொண்டு போவது நல்லது.

திருட்டு அலை!

குளிர்ந்த காற்று வீசும் மாதங்களில்தான் அந்தக் கடல் கொந்தளிக்கும். அது மட்டும் அல்ல. காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று பேரலை வரும். அதற்குக் "கள்ளக்கடல்" என்று பெயர். கேரள மீனவர்கள் வைத்த பெயர் அது. திருடன்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர்.

அது எங்கே இருந்து வருகிறது? ஆயிரக்கணக்கான மைல் தெற்கே, இந்துமாக் கடலில் புயல் அடிக்கும். அங்கே எழுந்த அலை பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். அதுதான் பள்ளி விடுமுறை!

2024 மே 6-ந் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ, மாணவிகள் 5 பேரை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடப்பட்டு இருந்தது. படித்த பிள்ளைகள்! பெற்றோர் கண்ட கனவு ஒரு நொடியில் போயிற்று.

புறப்படும் முன்

பத்திரிகையிலும் வானொலியிலும் கடல் எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். கரைக்குப் போனதும் உள்ளூர் மீனவரைக் கேளுங்கள். அவர் "இன்று வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். ஈரமான பாறையில் ஏறாதீர்கள். அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

குமரியில் காற்று வாங்கக் காசு வேண்டாம். கடலில் இறங்கவும் வேண்டாம். கரையில் உட்கார்ந்து பார்த்தாலே போதும், கண்ணும் உடம்பும் குளிர்ந்துவிடும். போன எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்புவதுதான் நல்ல விடுமுறை!