தாழ்ந்த மிதி

கடந்த மாதம் களப்பணி முடிந்து திரும்புகையில், சந்தியில் என் பழைய காரின் பிரேக் மிதி காலடியில் மெல்லத் தாழ்ந்தது. பின்னால் இரண்டு தாய்மாரும் கைக்குழந்தையும். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரைக் கட்டியிழுப்பித்து வீடு சேர்த்தேன்.

சில்லுகளில் கசிவில்லை, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் ஈரம். குறையக் குறைய ஒயில் ஊற்றி ஓட்டியது என் மடமை.

"இவர் கராஜ் வைச்சிருந்த காலத்திலை பழகினனான், தங்கச்சி" என்று வந்தார் அயல்வீட்டு அக்கா. புதிய சிலிண்டரைப் பூட்டுமுன் ஒயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றினார். பெயின்ரில் சிந்திய ஒயிலை உடனே தண்ணீரால் கழுவச் சொன்னார். பெயின்ரை அது தின்றுவிடுமாம்.

பிறகு ஒவ்வொரு சில்லாக, நான் மிதிக்க அவர் திருகாணியைத் தளர்த்தினார். அதை இறுக்கிய பின்பே நான் காலை எடுக்கலாம். குமிழி நின்றது, மிதி கல்லாய் நின்றது.

கூலியை மறுத்தார். "கராஜுக்கும் கொடுக்கிற காசுதானே, அக்கா" என்றேன். வாங்கி, எண்ணிப் பார்த்தார்.