விரிசல் விட்ட மர வில்லைச் சீரமைத்தல்

விரிசல் விட்ட மர வில்லைச் சீரமைத்தல் என்பது, கையால் செய்த மர வில்லிலோ மூங்கில் வில்லிலோ பிளவு கண்டபின், அதை மறுபடியும் பாதுகாப்பாக எய்யத் தக்கதாக மாற்றும் வேலையாகும். வளர்ந்தவர்களின் வில்லைவிடச் சிறுவர் வில்லுக்கே இது பெரிதும் பயன்படுகிறது. சீரமைத்த வில் பழைய வலிமையோடு திரும்புவதில்லை. வலிமை குறைந்த வில்லே சிறுவருக்கு ஏற்றது. ஆனால் எல்லா விரிசலையும் சரிசெய்துவிட முடியாது. இழுத்துப் பிடித்திருக்கும் நிலையில் உடையும் வில்லின் துண்டுகள் எய்பவரின் முகத்தை நோக்கி வரக்கூடும் என்பதால், எந்த வில்லைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று பிரித்தறிவதே இவ்வேலையின் முதற்படி.

இந்தியாவில் கைவில்

ஒலிம்பிக் வகை வில்லும் அதன் துணைக்கருவிகளும் சேர்ந்தால் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். அதனால் நம் நாட்டில் பலருக்கு முதல் வில் மூங்கில் வில்லே. ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகியவர். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இவர் பங்கேற்றார். ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் தொடங்கினார். 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் தனிநபர், அணி என இரண்டு தங்கம் வென்றார். தேசிய அளவிலான போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவு இத்தகைய எளிய வில்களுக்கென்றே நடத்தப்படுகிறது.

விரிசல் எங்கே, எந்தத் திசையில்?

வில்லை இழுக்கும்போது இலக்கை நோக்கிய வெளிமுகம் நீள்கிறது; எய்பவரை நோக்கிய உள்முகம் அமுங்குகிறது. ஒரே கட்டையில் இரண்டு எதிரெதிர் விசைகள் வேலை செய்கின்றன. மரமானாலும் மூங்கிலானாலும் நார்கள் வில்லின் நீளவாக்கில் ஓடுவதால், அந்த நார்கள் அறுபடாமல் இருக்கும்வரை வில் தாங்கும். (மூங்கில் மரமல்ல, புல்வகை. அதன் வெளித்தோலை ஒட்டி நார்கள் நெருக்கமாக இருப்பதால் அப்பகுதி இழுவிசையை நன்கு தாங்கும்.)

எனவே விரிசலின் நீளத்தைவிட அதன் திசையே முக்கியம். நார் ஓடும் திசையிலேயே நீளமாகச் செல்லும் வெடிப்பு, பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. மரம் உலரும்போது வரும் வெடிப்புகள் இந்த வகை. அதே வெடிப்பு சாய்வாக ஓடி வில்லின் விளிம்பில் வெளியேறினால் ஆபத்து கூடுகிறது.

வெளிமுகத்தில் குறுக்காக, நகக்கீறல் போலத் தெரியும் விரிசல் மிகச் சிறியதாக இருந்தாலும் அங்கே நார்கள் அறுந்துவிட்டன என்று பொருள். வில்லின் கையில், அதாவது பிடிக்கும் முனைக்கும் இடையே வளையும் பகுதியில், இது இருந்தால் அந்த வில்லைப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. உள்முகத்தில் தோன்றும் மெல்லிய குறுக்குச் சுருக்கங்கள் வேறு வகை. அவை அமுக்கத்தால் நார்கள் மடிந்ததற்கான அடையாளம். இவ்வகை வில் திடீரென முறிவதைவிட, அந்த இடத்தில் மட்டும் அதிகம் வளைந்து மெல்லச் சோர்ந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியாத சிலும்புகளைக் கண்டுபிடிக்க, ஒரு பஞ்சுத் துணுக்கை வெளிமுகத்தின் மேல் மெதுவாகத் தடவினால் போதும். தூக்கிய நாரில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தென்பட்டால் மூங்கில் உளுத்துவிட்டது. அதைச் சீரமைப்பது வீண்வேலை.

ஒட்டுதலும் கட்டுதலும்

கே.கே. நகர் போன்ற நகர்ப்பகுதியில் வில் செய்பவரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. வில் தச்சரிடம்தான் போகும். கட்டில், கதவு நிலை செய்து பழகிய கை, வெடிப்பைக் கண்டதும் துளையிட்டுத் திருகாணி முடுக்கவோ ஆணி அடிக்கவோ முனையும். அசையாமல் நிற்கும் கட்டிலுக்கு அது சரி. ஒவ்வோர் எய்தலிலும் வளையும் வில்லில் அந்தத் துளையே அடுத்த முறிவின் தொடக்கமாகிவிடும். வேலையை ஒப்படைக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

நீளவாக்கு வெடிப்பில் முதலில் தூசியை ஊதி நீக்கி, வில்லை நன்கு உலரவிட வேண்டும். தூக்கிய சிலும்பைப் பிய்த்து எடுக்கக் கூடாது. மெல்லிய வெடிப்புக்கு ஃபெவிகுவிக் போன்ற நீர்த்த பசை ஏற்றது, அது தானாகவே உள்ளே ஊறிப் பரவும். அகன்ற வெடிப்புக்கு அரால்டைட் போன்ற இருகலவைப் பசை வேண்டும். பசை பிடித்தபின் வெடிப்பின் இரு நுனிகளையும் தாண்டி 2 செ.மீ. வரை, பட்டு அல்லது பருத்தி நூலை இடைவெளியின்றி இறுக்கமாகச் சுற்றி, அதன்மேலும் பசை பூசி ஒரு நாள் முழுவதும் விட்டுவைக்க வேண்டும். உடனொட்டும் பசை கெட்டியானதும் நொறுங்கும் இயல்புடையது. வெடிப்பு மறுபடி வாய் திறவாமல் காப்பது நூற்கட்டே.

தரமான மரம் கிடைக்காத இடங்களில் இந்தக் கட்டும் முறை பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கடலில் மிதந்துவந்த கட்டைகளைக் கொண்டு வில் செய்து, விலங்குகளின் தசைநாரால் திரித்த கயிறுகளை வெளிமுகத்தில் நீளவாக்கில் இழுத்துக் கட்டினர். முறியக்கூடிய கட்டையின் இழுவிசையைக் கயிறு ஏற்றுக்கொண்டது. குறுக்காகச் சுற்றும் நூல் இந்த வேலையைச் செய்யாது. நீளவாக்கு வெடிப்பு அகலாமல் அது தடுக்கும், ஆனால் அறுந்த நாருக்கு ஈடாகாது. வெளிமுகத்தில் துணி ஒட்டுவதும் சிலும்பு எழாமல் காப்பதற்கே பெரிதும் உதவும்.

பெரிய வில்லைச் சிறுவர் வில்லாக்குதல்

விரிசல் முனைக்கு அருகில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 165 செ.மீ. நீளமுள்ள வில்லின் ஒரு முனையில் 15 செ.மீ. தொலைவுக்குள் விரிசல் நின்றுவிட்டது என்று கொள்வோம். இரு முனைகளிலும் 18 செ.மீ. அறுத்தெடுத்து, புதிதாக நாண் பள்ளம் வெட்டினால், 129 செ.மீ. நீளமுள்ள பழுதற்ற வில் மிஞ்சும். கைகளை விரித்தால் 125 செ.மீ. இருக்கும் ஒரு பிள்ளை நாணை இழுக்கும் தூரம், அதை 2.5 ஆல் வகுத்தால் கிடைக்கும் 50 செ.மீ. அளவில் இருக்கும். இழுக்கும் தூரம் வில்லின் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. இங்கே அது தாண்டவில்லை.

ஆனால் நீளம் குறைந்தால் வில் விறைக்கும். இதைச் செதுக்கித்தான் தணிக்க வேண்டும். வளையும் தண்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது: தடிமனில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் விறைப்பு ஏறக்குறைய 27 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே உளியைத் தொடாமல், கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ கொஞ்சம் கொஞ்சமாக உள்முகத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். வெளிமுகத்தின் நார்களை அறுக்கவே கூடாது. இரு கைகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று அடிக்கடி பார்ப்பது அவசியம். 8 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 15 பவுண்டு, அதாவது சுமார் 4.5 முதல் 7 கிலோ இழுவிசை போதும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள சுருள்வில் தராசு போன்ற ஒரு தராசை நாணில் மாட்டி இழுத்தே இதை அளந்துவிடலாம்.

சோதனை

சீரமைத்த வில்லை முதலில் இழுப்பது யாருடைய கையாகவும் இருக்கக் கூடாது. பிடியைச் சுவரிலுள்ள உறுதியான முளையில் பொருத்தி, நாணில் கட்டிய கயிற்றைக் கப்பி வழியாகக் கொண்டுவந்து, 3 மீட்டர் தள்ளி நின்று இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. கூட்டி, ஒவ்வோர் அளவிலும் முப்பது தடவை இழுத்துத் தளர்த்தி, பிள்ளை இழுக்கும் தூரத்தைவிட 2 செ.மீ. கூடுதலாகச் செல்லலாம். 'டிக்' என்ற சிறு ஓசை கேட்டாலும் நிறுத்திவிட்டு ஆராய வேண்டும். இதில் தேறிய பின்பு பெரியவர் ஒருவர் கண்ணாடி அணிந்து ஐம்பது அம்புகளாவது எய்து பார்க்க வேண்டும். அவர் கை நீளமானது என்பதால், பிள்ளையின் அளவை அம்பில் மையால் குறித்துக்கொண்டு அதைத் தாண்டாமல் இழுப்பது நல்லது. இந்தச் சோதனை எதுவும் மொட்டை மாடிக்கு உரியதல்ல. கைப்பிடிச் சுவரைத் தாண்டிய அம்பு அடுத்த தெருவில்தான் இறங்கும்.

மீண்டும் விரிசல் வராதிருக்க

சிறுவர் வில்கள் முறிவதற்கு ஒரு முக்கியக் காரணம், அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்புகிறது. புராணத் தொடர்களில் நாயகர்கள் நாணொலி எழுப்புவதைப் பார்த்த பிள்ளைகள் இதைச் செய்யாமல் இருப்பது அரிது. காரணத்தைச் சொல்லித் தடுத்தால் கேட்பார்கள்.

சென்னையின் ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சிக் கிடக்கும். ஈரமேறிய வில் உடையாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். ஐப்பசி மழையில் நனைந்த வில்லைச் சித்திரை வெயிலில் காயவைப்பது போலத் திடீரென உலர்த்தினால் வெடிப்பு விடும். குளிரூட்டிய அறையும் வெயில் படும் பால்கனியும் மாறி மாறிப் பட்டாலும் இதே விளைவுதான். எய்து முடித்ததும் நாணை இறக்கி, சமையலறைப் பரணில் அல்லாமல் காற்றோட்டமுள்ள நிழலில், இரண்டு முளைகளின் மேல் கிடையாக வைக்கலாம். நூற்கட்டை மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் அதைப் பிரித்து, வெடிப்பு நீண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி கட்ட வேண்டும்.