ஒரே படம், இரண்டு தீர்ப்புகள்

அமெரிக்காவில் 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுவதும் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு, சாராயம் கடத்தியவர்களைப் பெரும் பணக்காரர்களாக்கியதோடு, ஹாலிவுட்டுக்கு ஒரு தனிப் பட வகையையும் உருவாக்கிக் கொடுத்தது. ‘தி பப்ளிக் எனிமி’ (1931), ‘ஸ்கார்ஃபேஸ்’ (1932) ஆகியவற்றில் வலுப்பெற்ற இந்த ‘கேங்ஸ்டர்’ படங்கள், அதாவது குற்றக் கும்பல்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லும் படங்கள், பிற்காலத்திலும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை விடாமல் நாடின. அவற்றுள் விமர்சகர்களிடம் விசித்திரமான வரவேற்பைப் பெற்றது, இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் கடைசிப் படமான ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா’ (1984). ஒரே ஆண்டில், ஒரே பெயரில், நீளத்திலும் அமைப்பிலும் வேறுபட்ட இரண்டு படங்கள் விமர்சகர்களின் முன் வைக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ போன்ற கௌபாய் படங்களால் உலகப் புகழ் பெற்றிருந்த லியோனே, ‘தி காட்ஃபாதர்’ படத்தை இயக்க வந்த வாய்ப்பையும் மறுத்துவிட்டு, ஹாரி கிரே எழுதிய ‘தி ஹூட்ஸ்’ என்னும் நாவலைப் படமாக்கப் பல ஆண்டுகள் காத்திருந்தார். நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்பான லோயர் ஈஸ்ட் சைடில் வளரும் நூடுல்ஸ் (ராபர்ட் டி நீரோ), மேக்ஸ் (ஜேம்ஸ் வுட்ஸ்) ஆகிய இரு நண்பர்கள் மதுவிலக்குக் காலத்தில் கும்பலாகச் சேர்ந்து செழிப்பதும், மதுவிலக்கு முடியும் தறுவாயில் அந்த நட்பு துரோகத்தில் உடைவதும், முதுமையில் நூடுல்ஸ் 1968-இல் அதே ஊருக்குத் திரும்பி வருவதுமே கதை. சிறுவயது, இளமை, முதுமை என்னும் மூன்று காலங்களையும் வரிசையாகச் சொல்லாமல், ஒரு நினைவு இன்னொன்றைத் தொட்டு எழுப்புவதுபோல் முன்னும் பின்னுமாகப் பின்னியிருந்தார் லியோனே.

இந்தப் பின்னலை விளங்கிக்கொள்ளத் தொடக்கப் பகுதியே போதும். நிழற்பாவைக் கூத்து நடக்கும் சீனக் கொட்டகை ஒன்றை ஒட்டிய அபின் கூடத்தில் நூடுல்ஸ் மயங்கிக் கிடக்க, எங்கிருந்தோ ஒரு தொலைபேசி மணி ஒலிக்கத் தொடங்குகிறது. கொட்டும் மழையில் தெருவில் கிடத்தப்பட்ட சடலங்கள் காட்டப்படும்போதும், மதுவிலக்கின் ‘இறுதிச் சடங்கு’ என்று சவப்பெட்டி வடிவக் கேக் வைத்துக் கொண்டாடும் விருந்து காட்டப்படும்போதும் அந்த மணி நிற்பதில்லை. இருபது தடவைக்கு மேல் ஒலித்த பிறகே, நூடுல்ஸ் காவல்துறையைக் கூப்பிட்டுத் தன் நண்பர்களைக் காட்டிக்கொடுத்த அழைப்பின் மணி அது என்பது பார்ப்பவருக்கு உறைக்கத் தொடங்குகிறது. குற்ற உணர்ச்சி ஒரு மனிதனின் காதுக்குள் எப்படி ஒலிக்கும் என்பதை ஒரு சொல்கூடப் பேசாமல் உணர்த்தும் இக்காட்சி, திரைமொழியின் அரிய சாதனைகளுள் ஒன்று.

1984 மே மாதம் கான் திரைப்பட விழாவில், போட்டிக்கு வெளியே, 229 நிமிட நீளத்தில் திரையிடப்பட்டபோது படம் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் ஜூன் 1 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த பிரதியோ 139 நிமிடங்களே ஓடியது. படம் நீளமானால் நாளொன்றுக்கு ஓட்டக்கூடிய காட்சிகள் குறையும், முன்னும் பின்னும் தாவும் கதை பார்வையாளரைக் குழப்பும் என்றெல்லாம் அஞ்சிய விநியோக நிறுவனம், இயக்குநரின் விருப்பத்தை மீறி ஒன்றரை மணி நேரத்தை வெட்டி எறிந்ததோடு, எஞ்சியதைக் கால வரிசைப்படி அடுக்கியும் விட்டது. சிறுவயதுக் காட்சிகள் பெரும்பாலும் போயின. இறுதியில் ஒருவர் குப்பை லாரியின் பின்னால் மறைந்துபோகும் புதிரான காட்சியின் இடத்தில் வெறும் துப்பாக்கிச் சத்தம் வந்தது.

அதைப் பார்த்த அமெரிக்க விமர்சகர்கள் பலர், கதை புரியவில்லை என்றும் பாத்திரங்கள் காரணமின்றி வந்து போகின்றன என்றும் எழுதியதில் தவறேதும் இல்லை. அவர்கள் பார்த்த படம் அப்படித்தான் இருந்தது. நீளப் பிரதியையும் பார்த்திருந்த ரோஜர் ஈபர்ட், அதற்கு நான்கு நட்சத்திரங்களும் வெட்டப்பட்டதற்கு ஒன்றே ஒன்றும் வழங்கினார். ‘நியூயார்க்கர்’ இதழின் பாலின் கேல், படம் சிதைக்கப்பட்டதைக் கடுமையாகக் கண்டித்தார். ஏறத்தாழ 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் ஈட்டியதோ சுமார் 53 லட்சம் டாலர்தான். வெட்டினால் வசூல் கூடும் என்ற கணக்கும் பொய்த்தது. என்னியோ மோரிகோனேயின் இசை பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. அமெரிக்கப் பிரதியின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப்போனதால் ஆஸ்கர் பரிசீலனைக்குக்கூட அது செல்லவில்லை.

முழுப் பிரதி பரவலாகக் கிடைத்த பிறகு விவாதம் வேறு திசைக்கு நகர்ந்தது. படம் அபின் கூடத்தில் தொடங்கி அங்கேயே, நூடுல்ஸின் புன்னகையோடு முடிவதால், 1968-இல் நடப்பவை யாவும் குற்ற உணர்ச்சியிலிருந்து தப்ப அவன் கண்ட போதைக் கனவாக இருக்கலாம் என்னும் வாசிப்பு வலுப்பெற்றது. லியோனேயும் அதை மறுக்கவில்லை. கால வரிசைப்படி அடுக்கிய பிரதியில் இப்படியொரு வாசிப்புக்கே இடமில்லை.

எனினும் எல்லாக் குறைக்கும் வெட்டியவர்களே பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது. தான் நேசிக்கும் டெபோராவை நூடுல்ஸ் காருக்குள் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கும் நீண்ட காட்சி வெளிவந்த காலத்திலேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்தக் கொடுமையின் கனத்தையாவது அக்காட்சி மறைக்கவில்லை என வாதிடலாம்; ஆனால் நகைக் கொள்ளையின்போது வல்லுறவுக்கு ஆளாகும் கேரல் அதை விரும்புவதாகக் காட்டியிருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆண்களின் நட்பை இத்தனை நுட்பமாகப் பார்த்த இயக்குநரின் பார்வை, பெண்களிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது என்ற விமர்சனம் முழுப் பிரதிக்கும் அப்படியே பொருந்தும்.

லியோனே 1989 ஏப்ரலில் காலமானார். 229 நிமிடப் பிரதியிலும் இடம்பெறாமல் தொலைந்த காட்சிகளுள் சில மீட்கப்பட்டு, 251 நிமிடப் பிரதி 2012-இல் அதே கான் விழாவில் திரையிடப்பட்டது. மீட்ட பகுதிகளின் ஒளித்தரம் சற்று மங்கலாக இருந்தாலும் கதை கெடவில்லை. இப்படத்தைப் பார்க்க விரும்புவோர், தொடங்கும் முன் அதன் ஓட்ட நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: 229 அல்லது 251 நிமிடம் என்றிருந்தால் அது லியோனேயின் படம், 139 என்றிருந்தால் வேறு பிரதி தேடுவதே நல்லது.